கேள்விக்குக் கீழே பதில்

லூப்பர் என்பது அவருக்குத் தொழிலில் இருப்பவர்கள் வைத்த பெயர். துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷினின் வயிற்றுக்குள் வளைந்த கொக்கி போல ஒன்று இடமும் வலமுமாக ஆடும். மேலிருந்து ஊசி கொண்டுவரும் நூலைக் கீழே வாங்கிப் பின்னுவது அதுதான். அதன் பெயர் லூப்பர். ஒரு மயிரிழை தள்ளி நின்றாலும் தையல் விழாது. அதைச் சரியான இடத்தில் நிறுத்துவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பது மெக்கானிக்குகள் பலரின் கருத்து. அவருடைய கருத்தும் அதுவே. ஆனால் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது சொல்ல நினைத்தாலும் முடியாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. அறுவை செய்த மருத்துவர் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார். குரலைக் காப்பாற்ற முடியவில்லை.

அதற்கு முன்பு அவர் தொழிலில் பாதி போனில்தான் நடந்தது. எங்கெங்கோ இருந்து கூப்பிடுவார்கள். "அண்ணே, தையல் விட்டு விட்டு விழுது" என்பார்கள். "போனை மெஷின் பக்கத்துல வெச்சிட்டு சக்கரத்தைக் கையால மெதுவா சுத்து. நடுவுல பேசாத" என்பார். நான்கு சுற்றுக் கேட்பார். "ஊசி வளைஞ்சிருக்கு. மாத்திட்டுக் கூப்பிடு." பெரும்பாலும் மறுபடி கூப்பிட மாட்டார்கள். சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

காது இன்றும் பழைய காதுதான். கேட்டதும் கோளாறு தெரிந்துவிடும். தெரிந்ததைச் சொல்லத்தான் வழி இல்லை. கடைக்கு வரும் மெஷின்களைக் கையால் சரிசெய்து கொடுத்துவிடலாம், அதற்குப் பேச்சு வேண்டாம். ஆனால் அவர் மனம் கடைக்கு வெளியே இருக்கும் மெஷின்களைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

போனில் ஒரு குரூப் இருந்தது. தையல் மெஷின் மெக்கானிக்குகளும் தையல்காரர்களுமாக இருநூறு பேர். அதில் எழுதிப் பதில் சொல்லலாம் என்று தொடங்கினார். எண்ணெய் ஊறித் தடித்த கட்டைவிரலால் ஓர் எழுத்தைத் தேடி, அதற்கு ஒரு காலைச் சேர்த்து, ஒரு கொம்பை வைத்து, தப்பாக விழுந்ததை அழித்து, மறுபடி வைத்து முடிப்பதற்குள் குரூப்பில் இரண்டு காலை வணக்கப் பூக்களும் ஒரு பிறந்தநாள் வாழ்த்தும் பழைய மோட்டார் விற்பனைக்கு என்ற படமும் வந்து இறங்கியிருக்கும். அவருடைய பதில் யாருடைய கேள்விக்கு என்று யாருக்கும் புரியாது.

எந்தக் கேள்விக்குப் பதிலோ அதை விரலால் இழுத்துப் பிடித்தால் அது மேலே ஒட்டிக்கொள்ளும் என்று மச்சினி சொல்லிக்கொடுத்தாள். அவர் மனைவியின் தங்கை அவள். இரண்டு தெரு தள்ளி ஓர் அச்சகத்தில் கணினியில் பக்கம் வடிவமைக்கும் வேலை பார்க்கிறாள். அவள் சொன்னபடியே ஒருநாள் ஒரு தையல்காரரின் கேள்வியை இழுத்தார். விரல் வைத்த அதே நொடியில் புதிய செய்தி ஒன்று வந்து எல்லாவற்றையும் ஒரு படி மேலே தள்ளியது. பிடிபட்டது அடுத்த கேள்வி. அதைக் கேட்டவர் வேறோர் ஊரில் தொப்பி தைக்கிறவர். அவரிடம் இருப்பது ஓவர்லாக். தையல்காரரிடம் இருந்ததோ சாதாரண ஒற்றை ஊசி மெஷின்.

"ஊசிக் கம்பியை அரை நூல் கீழ இறக்கு" என்று எழுதியிருந்தார். தொழிலில் நூல் என்பது ஓர் அளவும்கூட. ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். தையல்காரருக்குச் சரியான மருந்து அது. தொப்பிக்காரர் தமக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு இறக்கினார். ஊசி நேரே போய் லூப்பரில் இடித்தது.

அன்று மதியம் தொப்பிக்காரரின் குரல் குரூப்பில் வந்தது. இருநூறு பேரும் கேட்டார்கள்.

"அண்ணே, நீங்க சொன்னபடியேதான் செஞ்சேன். லூப்பரோட மூக்கு உடைஞ்சு கையில வந்திடுச்சு. வாய் போனது உங்க தப்பில்ல. ஆனா கேள்வியைப் படிக்காம பதில் சொல்றது உங்க தப்புதான்."

அவர் அதை மூன்று முறை கேட்டார். பிறகு போனைத் திருகாணி டப்பாக்களுக்கு நடுவே கவிழ்த்து வைத்தார்.

அதற்குப் பிறகு குரூப்பில் அவரை யாரும் கேட்கவில்லை. கேள்விகள் வந்தன. யார் யாரோ பதில் சொன்னார்கள், பாதி தப்பாக. அவர் சரியானதை எழுதிப் போட்டால், பார்த்துவிட்டதற்கான குறி மட்டும் வரும். ஒருவரும் வாய் திறப்பதில்லை. கேள்வி கேட்பதை ஒருமுறை நிறுத்தியவர்கள் மறுபடி வருவது கடினம் என்பது அவருக்குத் தெரியும். அவர் கடைக்கு எதிரே இருந்த பழைய மெக்கானிக்குகள் இரண்டு பேர் அப்படித்தான் மறக்கப்பட்டார்கள். அவர்களுக்குக் குரல் இருந்தது.

மச்சினி அவருக்கென்று முந்தைய வருடம் ஓர் இணையதளம் செய்து கொடுத்திருந்தாள். கடையின் முகப்புப் படம், முகவரி, திறக்கும் நேரம், அவ்வளவுதான். ஒரு வருடத்தில் அதைப் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவர், இன்னொருவர் அவள்.

ஒரு மதியம் அவள் சாப்பாட்டு இடைவேளையில் வந்தபோது, யாரோ விட்டுப்போன பேட்டர்ன் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதி அவள் முன்னால் தள்ளினார். அவர் பேசுவது இப்போது அப்படித்தான்.

"நம்ம தளத்துல கேள்வி கேக்க இடம் வைக்க முடியுமா? ஒவ்வொரு கேள்விக்கும் தனி அறை. அந்தக் கேள்விக்குக் கீழதான் அதோட பதில். நடுவுல பூ வரக்கூடாது."

"அதுக்குப் பேரு கருத்துக்களம், அத்தான். அதுக்குன்னே மென்பொருள் இருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, நூறு இருக்கு. அதுல எது நல்லதுன்னு எனக்கும் தெரியாது."

"தெரியாத ரெண்டு பேரு ஒண்ணு சேர்ந்தாச்சு" என்றார் அவர் மனைவி, மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தை இறக்கி வைத்தபடி. "இனி கவலையே இல்ல."

மெஷின் வாங்குவதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. விளம்பரத் தாளைப் படிக்க மாட்டார். மெல்லிய துணி, தடித்த துணி, இழுபடும் துணி, மூன்றையும் கையோடு கொண்டுபோய்த் தைத்துப் பார்ப்பார். மென்பொருளையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று எழுதினார். ஒரு காகிதத்தில் கட்டம் போட்டார். தமிழில் தேட முடிய வேண்டும். மெஷின் சத்தத்தைப் பதிந்து கேள்வியோடு சேர்க்க முடிய வேண்டும். போனில் திறக்க வேண்டும். உள்ளே வர இமெயில் கேட்கக்கூடாது, ஏனென்றால் நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இமெயில் இல்லை, மீதிப் பாதிக்கு அதன் கடவுச்சொல் மறந்துவிட்டது.

முதலில் எடுத்தது எல்லாரும் புகழ்ந்த ஒன்று. படத்தில் பார்க்க அவ்வளவு அழகு. நிறுவத் தொடங்கி முக்கால்வாசியில் நின்றுவிட்டது. மறுபடி தொடங்கினார்கள், அதே இடத்தில் நின்றது. தளத்துக்கு இடம் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டதில் இரண்டு நாள் கழித்து ஒற்றை வரி வந்தது. தொடக்க நிலையாளருக்கான உங்கள் இடத்தில் அது ஓடாது என்றார்கள்.

"முதல் நாளே சொன்னா என்னவாம்" என்றாள் மச்சினி.

"வீட்டு மெஷினை வெச்சுத் தோல் பை தைக்கப் பாத்திருக்கோம்" என்று எழுதினார் அவர். கட்டத்தில் அதற்கு 'யானை' என்று பெயர் வைத்துக் குறுக்கே கோடு போட்டார்.

இரண்டாவது பத்து நிமிடத்தில் ஏறிவிட்டது. இமெயில் கேட்கவில்லை. யாரும் வரலாம், எதுவும் எழுதலாம். மூன்றாம் நாள் காலையில் திறந்து பார்த்தால் உறுப்பினர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். அவர் மனைவியைக் கை தட்டிக் கூப்பிட்டு எண்ணைக் காட்டினார்.

"முந்நூறு பேரா? இதுல ஒருத்தர்கிட்டயாவது மெஷின் இருக்கா, பாருங்க."

ஒருவரிடமும் இல்லை. ஒருவர் முடி வளரும் மாத்திரை விற்றார், இன்னொருவர் கைக்கடிகாரம் விற்றார், மற்றவர்கள் என்ன விற்கிறார்கள் என்று புரியாத எழுத்தில் எழுதியிருந்தார்கள். மெஷினுக்கு எண்ணெய் விடுவது பற்றி அவர் சோதனைக்கு எழுதி வைத்திருந்த வரிக்குக் கீழே யாரோ, "மிக அருமையான குடும்பம், தொடருங்கள்" என்று பாராட்டியிருந்தார். ஒவ்வொன்றாக அழித்தார். முழு மதியம் போயிற்று. மறுநாள் இன்னும் தொண்ணூறு பேர். அந்த மென்பொருளுக்கு 'சத்திரம்' என்று பெயரானது, அதற்கும் கோடு விழுந்தது.

"ஒரு கேள்வி, ஒரு பதில். இதுக்கு இவ்வளவு பாடா?" என்று எழுதினார். பேனா காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போனது.

மூன்றாவது நிதானமாக இருந்தது. போனில் திறந்தது. சத்தம் சேர்க்க விட்டது. விருந்தாளியாக வருகிறவரும் எழுதலாம், ஆனால் வாசலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வர முடியும். அந்தக் கேள்வியை நாமே வைத்துக்கொள்ளலாம். விற்க வருகிறவர்களை அது தடுக்கும் என்றாள் மச்சினி. லூப்பர் தலையாட்டினார். பிறகு சோதனைக்காகத் தேடல் பெட்டியில் 'ஊசி' என்று அடித்தார்.

'தேடும் சொல் மிகச் சிறியது' என்று வந்தது.

'நூல்' என்று அடித்தார். தேடியது. 'பல்' என்று அடித்தார். மிகச் சிறியது. துணியை நகர்த்திக் கொடுப்பது பல். அது இல்லாமல் எந்த மெஷினும் ஓடாது. அவர் மறுபடி ஊசியை அடித்தார், மறுபடி மிகச் சிறியது என்றது.

மச்சினிக்கு அது உடனே பிடிபட்டது. "இது நம்ம மாதிரி எண்ணாது, அத்தான். ஊ ஒண்ணு, ச ஒண்ணு, அது மேல இருக்கிற சுழி ஒண்ணு. மொத்தம் மூணு. நாலு இருந்தாத்தான் இது தேடும். நூலுக்கு புள்ளி, கொம்பு எல்லாம் சேத்து நாலு வந்திடுது."

"நூலு உள்ள போகுது, ஊசி வெளிய நிக்குது. எந்த ஊர் மெஷின் இது?" என்று எழுதினார் அவர்.

"வாத்தியார் மாதிரி இருக்கு. அளவு சரியா இருந்தாத்தான் காதுல வாங்கும்."

அந்த நாலை இரண்டாக மாற்றும் இடம் எங்கே என்று தேடியே ஒன்பது நாள் ஓடியது. உதவிப் பக்கங்களில் அது இருப்பதாகச் சொன்ன மூலையில் இல்லை. கடைசியில் வேறு எதற்கோ உள்ள பக்கத்தின் அடியில் இருந்தது. மாற்றிய பிறகும் ஊசி கிடைக்கவில்லை. சொல் அட்டவணையை முதலிலிருந்து கட்ட ஒரு பொத்தானை அமுக்க வேண்டுமாம். அமுக்கியதும் கிடைத்தது. வெற்றி என்று யாருக்கும் தோன்றவில்லை. ஊசியைத் தேடினால் ஊசி கிடைப்பதற்கு யார் கை தட்டுவார்கள்?

வாசல் கேள்வியை அவரே எழுதினார். 'ஊசியின் காதில் நுழைவது எது?' பதில், நூல். மெக்கானிக்குக்கு மட்டுமல்ல, சட்டைப் பித்தான் தைக்கிறவருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மாத்திரை விற்கிறவருக்குத் தெரியாது.

அடுத்ததாக மொழி. மென்பொருளின் ஆங்கிலச் சொற்களுக்கு எங்கோ யாரோ தமிழ் செய்து வைத்திருந்தார்கள். ஒரு கேள்வியும் அதற்கு வரும் பதில்களும் சேர்ந்த தொடரை ஆங்கிலத்தில் 'திரெட்' என்பார்கள், அதை அப்படியே பெயர்த்து 'இழை' என்று வைத்திருந்தார்கள். புதிய இழை, பூட்டிய இழை, இழையைப் பின்தொடர்க. அதைப் பார்த்ததும் லூப்பரின் முகம் சுருங்கியது.

"இழைன்னா மில்லுல சொல்றது. நம்ம ஆளுங்க வாயில வராது. நூல்னு மாத்து."

"பரவாயில்ல, அத்தான். எல்லா இடத்துலயும் இழைன்னுதான் போடுறாங்க."

"தப்பான வார்த்தையை வெச்சா தப்பாத்தான் புரியும். நூல்."

அவள் மாற்றினாள். பொத்தான்கள் எல்லாம் புதிய நூல், பூட்டிய நூல், நூலைப் பின்தொடர்க என்று ஆயின. அவருக்குத் திருப்தியாக இருந்தது. குரூப்பில் ஒரே ஒரு வரி எழுதி முகவரியைப் போட்டார். 'கேள்விகளை இங்கே கேட்கலாம். பதில் கேள்விக்குக் கீழேயே இருக்கும்.'

முதல் இரண்டு நாள் ஒருவரும் வரவில்லை. மச்சினி உள்ளே போய்ப் பார்த்தாள். பதினேழு பேர் வாசல்வரை வந்திருந்தார்கள். அவர்கள் எழுதிய பதில்கள் அங்கே வரிசையாகக் கிடந்தன. நூலு. நூழ். நூல்தான் அண்ணே. ஊசிநூல். ஒருவர், 'தடிச்சதா மெல்லிசா?' என்று திருப்பிக் கேட்டிருந்தார். எல்லாருக்கும் கதவு சாத்தப்பட்டிருந்தது.

"நூலுன்னு எழுதுறவனை உள்ள விட்டா..." என்று எழுத ஆரம்பித்தார்.

"நீங்க மெக்கானிக்கைக் கூப்பிடுறீங்களா, தமிழாசிரியரைக் கூப்பிடுறீங்களா?" என்றாள் அவள். "வந்தவங்களைத் திருப்பி அனுப்பிட்டு, வரலன்னு இங்க உக்காந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க."

பதினேழு பதில்களையும் சரி என்று ஏற்கும்படி மாற்றினார்கள். கதவு திறந்தது. ஆட்கள் வந்தார்கள். பத்து நாளில் பதினோரு கேள்விகள்.

முதல் கேள்விக்கு அவர் ஒன்றரை மணி நேரம் எழுதினார். நூல் அடிக்கடி அறுபடுகிறது என்பது கேள்வி. நூல் போகும் வழியில் எங்கெங்கே பிசிறு இருக்கும், அதை எதனால் தேய்க்க வேண்டும், எவ்வளவுக்கு மேல் தேய்க்கக்கூடாது என்று எல்லாம் எழுதினார். இரண்டாவது கேள்வி, நூல் அடியில் சிக்கிக்கொள்கிறது. மூன்றாவது, எந்த நூல் நல்லது. நான்காவதும் நூல். ஐந்தாவதாகக் கறுப்பு நூலுக்கும் வெள்ளை நூலுக்கும் பலத்தில் வித்தியாசம் உண்டா என்று ஒருவர் கேட்டார். ஒன்பதாவது ஆள், நூல்கண்டைக் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டுமா என்றார்.

அதே நாட்களில் குரூப்பில் அதே ஆட்கள் மோட்டாரைப் பற்றிக் கேட்டார்கள், பெல்ட்டைப் பற்றிக் கேட்டார்கள், ஓவர்லாக்கின் கொக்கிகளைப் பற்றிக் கேட்டார்கள். கேட்டதற்கெல்லாம் வாய்க்கு வந்த பதில் வந்தது. அவர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். அவருக்குத் தோன்றிய விளக்கம் ஒன்றுதான். பெரிய வேலைக்கு அவரை நம்பவில்லை. மனசு நோகக்கூடாதென்று சின்ன வேலையாகப் பார்த்துக் கொடுக்கிறார்கள். இரக்கம்.

பதினோராவது கேள்விக்குப் பதில் எழுதவில்லை. மச்சினி வந்ததும் காகிதத்தை நீட்டினார்.

"எடுத்துடு."

"எதை?"

"முழுசா. அஞ்சு வாரம் போச்சு. நூல்கண்டை எங்க வைக்கணும்னு கேக்குறான். என்னைப் பாத்துக் கேக்குறான்."

"என்னங்க, சாப்பிட்டுட்டுக் கோவப்படுங்க" என்றார் மனைவி. அவர் தட்டைத் தொடவில்லை.

மச்சினி திரையைப் பார்த்தாள். "எடுக்கிறதுக்கு முன்னால ஒருத்தர்கிட்ட கேட்டுப் பாக்கிறேன்" என்று சொல்லிப் போனை எடுத்தாள். யாரிடம் என்று அவர் கையால் கேட்டார். "உங்களைத் திட்டினவர்கிட்ட. அவர்தான் மறைக்காம சொல்லுவார்." அவர் வேண்டாம் என்று கையை வீசுவதற்குள் மறுமுனை எடுத்துவிட்டது. அவள் சத்தத்தைக் கூட்டி மேஜைமேல் வைத்தாள்.

தொப்பிக்காரரிடம் தான் யார் என்று சொல்லி, அவருடைய மெஷின் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள்.

"எங்க ஓடுது? ஊசிக் கம்பியைப் பழைய இடத்துக்கே ஏத்திட்டு, புது லூப்பர் வாங்கிப் போட்டேன். போட்டு ஒரு மாசம் ஆகுது. தையல் பிடிக்கவே மாட்டேங்குது. குரூப்புல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தர் முன்னால தள்ளுங்கிறார், ஒருத்தர் பின்னால தள்ளுங்கிறார். நான் தள்ளித் தள்ளி ஓஞ்சுட்டேன்."

"அத்தான்கிட்ட கேக்கலாம்ல?"

"கேக்கணும்னுதான் இருக்கு. அன்னிக்கு வாய் நீண்டிடுச்சு. கூப்பிட்டா அவரால பேச முடியாது. குரூப்புல கேட்டா, இவனுக்கு வெக்கமே இல்லையான்னு நாலு பேரு நினைப்பாங்க. அந்தப் புது தளத்துல போடலாம்னு போனேன். அது நூலுக்கு மட்டும்தானே?"

"என்னது?"

"நூல் பிரச்சினைக்குன்னு தனியா வெச்சிருக்காரே. உள்ள நுழையும்போதே நூலைப் பத்தித்தான் கேக்குது. புதிய நூல்னு ஒரு பட்டன். நூல் எண்ணிக்கைன்னு மேல போட்டிருக்கு. பூட்டிய நூல்னு வேற இருக்கு, அது என்ன நூல்னு எனக்குத் தெரியல, புதுசா வந்ததா இருக்கும். என் மெஷின்ல நூல் நல்லாத்தான் இருக்கு. லூப்பர்தான் வம்பு பண்ணுது. அதை அங்க போய்க் கேட்டா மறுபடியும் படிக்காம போட்டேன்னு ஆயிடும்ல. அதான் குரூப்புலயும் பேசிக்கிட்டாங்க, நூலுக்கு லூப்பர் அண்ணன் தனியா கடை போட்டுட்டார், நூல் கேள்வியை அங்க போடுங்கன்னு."

மச்சினி தன் அத்தானைப் பார்த்தாள். அவர் எந்தப் பக்கமும் பார்க்காமல் இருந்தார். அவர் மனைவி மட்டும், "நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றார்.

"ஏன்க்கா சொல்லல?"

"எதையாவது ஒண்ணைப் பிரிச்சுப் பிரிச்சு வெக்கிற ஆளுதானே. நூலுக்குத் தனியா, ஊசிக்குத் தனியான்னு வெப்பாருன்னு இருந்தேன். திருகாணி டப்பாவே பதினாலு இருக்கு."

லூப்பர் திருப்புளியின் கட்டையால் மேஜையில் மூன்று முறை தட்டினார். போனில் அது கேட்டிருக்க வேண்டும்.

"அது என்ன சத்தம்?"

"அத்தான் பக்கத்துலதான் இருக்கார்."

"அண்ணே... நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கார். என்னை முறைக்கிறார்" என்றாள் அவள். "நான் இழைன்னுதான் வெச்சிருந்தேன், அதையும் சேத்துக் கேட்டுக்குங்க."

அவர் எழுதிய காகிதத்தை அவள் போனில் படித்தாள். "ரெண்டு நாள் பொறு. மெஷினைத் தொடாத. தள்ளாத."

இரண்டு நாளில் முடியவில்லை. 'நூல்' என்பதைக் 'கேள்வி' என்று மாற்ற ஒரே அமுக்கு போதும் என்று மச்சினி நினைத்தாள். அமுக்கினாள். நூல் இருந்த இடமெல்லாம் கேள்வியானது. ஆனால் நூலை, நூலில், நூலுக்கு, நூலின் எல்லாம் அப்படியே நின்றன. 'இந்தக் கேள்வி பூட்டப்பட்டுள்ளது. நூலைத் திறக்க முடியாது' என்றது ஒரு பக்கம். 'உங்கள் நூலுக்குப் பதில் வந்துள்ளது' என்றது இன்னொன்று. மொழிக் கோப்பில் இருநூற்றுப் பன்னிரண்டு இடங்கள். வரி வரியாகத்தான் போக வேண்டும் என்று ஆனது. அவள் ஒவ்வொரு வரியாகத் திரையில் காட்ட, அவர் விரலால் தொட்டுக் காட்டினார். ஒரு சாப்பாட்டு இடைவேளைக்கு ஐம்பது வரிகூட நகரவில்லை, ஏனென்றால் அவர் நூல் இல்லாத வரிகளிலும் சந்திப் பிழை கண்டுபிடித்தார்.

"அதை அப்புறம் பாக்கலாம், அத்தான். அங்க ஒருத்தர் மெஷினைத் தொடாம உக்காந்திருக்கார்."

அவர் விரலை எடுத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் முடிந்தது. வாசல் கேள்வியையும் தூக்கிவிட்டு, ஒரு மெஷின் படத்தைப் போட்டு இது என்ன என்று கேட்டார்கள். எந்தப் பதில் எழுதினாலும் தமிழில் இருந்தால் உள்ளே விடும்படி வைத்தாள். அவருக்கு அதில் சம்மதமில்லை. அவள் கேட்கவில்லை.

அன்று மதியமே தொப்பிக்காரரின் கேள்வி வந்தது. கூடவே ஒரு நிமிடச் சத்தம். சக்கரத்தைக் கையால் சுற்றியிருந்தார், நடுவில் பேசவில்லை. லூப்பர் காதோடு போனை வைத்து இரண்டு முறை கேட்டார். பதில் எழுத உட்கார்ந்தார். மெதுவாக, அழித்து அழித்து எழுதினார். ஒரு பக்கம் வந்தது. அனுப்பப் போனார். 'நீங்கள் நெடுநேரம் செயல்படாததால் வெளியேற்றப்பட்டீர்கள்' என்றது மென்பொருள். எழுதிய பக்கம் முழுவதும் போயிருந்தது.

அவர் எழுந்து கடை வாசல்வரை போனார். தெருவில் ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அது திரும்பி முடியும்வரை பார்த்தார். பிறகு உள்ளே வந்து முதலில் காகிதத்தில் எழுதிக்கொண்டு, அதைப் பார்த்து அடித்தார். இந்த முறை ஆறு வரிதான்.

'ஊசிக் கம்பியைத் தொடாதே. அது சரியாகத்தான் இருக்கிறது. கீழ் லூப்பரை இடது கடைசிக்குக் கொண்டுபோய் நிறுத்து. அதன் முனைக்கும் ஊசியின் நடுவுக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்து எழுது. மில்லிமீட்டரில் எழுது. நூல் அளவில் எழுதாதே.'

மறுநாள் அளவு வந்தது. ஆறு மில்லிமீட்டர். நாலுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும் என்று எழுதி, எந்தத் திருகைத் தளர்த்த வேண்டும் என்று சொன்னார். திருகு இரண்டு இருக்கிறதே என்று அதற்குக் கீழே வந்தது. உன் பக்கம் இருப்பது என்று அதற்குக் கீழே போனது. இடையில் ஒரு பூவும் வரவில்லை, யாருடைய பிறந்தநாளும் வரவில்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்கள் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஆறு, பதினொன்று, முப்பத்தொன்பது. யாரும் நடுவில் பேசவில்லை.

நான்காம் நாள் மதியம் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. ஈரக் கையோடு எடுத்துப் பார்த்தார்.

'ஓடுது...........................'

யாரும் இவ்வளவு புள்ளி வைத்து அவர் பார்த்ததில்லை. தயங்குகிறாரா, இன்னும் ஏதாவது கோளாறா என்று புரியவில்லை. மச்சினியிடம் நீட்டினார்.

"ஒண்ணும் இல்ல, அத்தான். பத்தெழுத்துக்குக் குறைஞ்சா பதிலை ஏத்துக்காது போலிருக்கு. அதான் புள்ளி வெச்சு நிரப்பியிருக்கார்."

அவர் தட்டை ஒதுக்கினார். கணினியைத் திறந்து, அமைப்புகள் பக்கத்துக்குப் போய், அந்தப் பத்து எந்த மூலையில் இருக்கிறது என்று தேடத் தொடங்கினார்.